பூட்டிய வீட்டில் ஃபேன் சத்தம்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு என் வீட்டு அழைப்பு மணி அடித்தது. அந்த நேரத்தில் மணி அடித்தால், பக்கத்து வீட்டுப் பார்சலை கூரியர்காரர் என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று அர்த்தம். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்த் திறந்தேன். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட்டுடன் ஒரு பெண் நின்றிருந்தாள். நகரப் போக்குவரத்துத் திட்டத்துக்காக வீட்டுக் கணக்கெடுப்பு, ஐந்து நிமிடம்தான் ஆகும் என்று தெலுங்கில் ஆரம்பித்தாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முப்பத்தோரு வருடம் அடுத்தவர் கதவுக்கு வெளியே நின்று நான் சொன்ன வாக்கியம் அது. கதவுக்கு உள்ளே நின்று கேட்டது அன்றுதான்.

உட்காரச் சொல்லி, அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தேன்.

"வீட்ல எத்தனை பேரு ஆன்ட்டி?"

"ஒருத்தர்."

"நேத்து நீங்க வெளிய எத்தனை தடவை போனீங்க? ஆபீஸ், கடை, சர்ச், எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

"சர்ச் ஞாயித்துக்கிழமைதான். நேத்து எங்கயும் போகல."

"கீழ வாக்கிங் கூட இல்லையா?"

"முட்டி வலி."

சுழியத்தைத் தொட்டாள். திரை தானாக மூடி, பச்சை நிறத்தில் ஒரு டிக் வந்தது. "அவ்ளோதான் ஆன்ட்டி, முடிஞ்சிடுச்சு" என்று எழுந்தாள். உள்ளே பால் இன்னும் பொங்கவில்லை.

அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. முந்தின நாள் பயணம் செய்யாதவரிடம் மேற்கொண்டு கேட்க ஒன்றும் கிடையாது. கோடு போட்டுவிட்டு அடுத்த ஆளுக்குப் போக வேண்டும். இதை நூற்றுக்கணக்கான பேருக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். ஆனால் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. சொல்லப்போனால் அவமானமாக இருந்தது. லிஃப்ட் வரை அவள் பின்னாலேயே போய், என் உத்தியோக காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் நானே திட்டியிருக்கக்கூடிய ஒன்றைச் சொன்னேன். "இன்னிக்கு எங்கயாவது போயிட்டு வரேன்மா. நாளைக்கு வந்து அதை எழுதிக்கோ." அவள் சிரித்துவிட்டு, "சரி ஆன்ட்டி" என்று போய்விட்டாள்.

என் பழைய அலுவலகத்தில் இப்போது பொறுப்பில் இருக்கும் பெண் அதே வாரம் போன் செய்தாள். வீடு வீடாகப் போவது இதுதான் கடைசி முறை, இனிமேல் ஜனங்களின் போன் எங்கே போகிறது என்பதை வைத்தே எல்லாம் தெரிந்துவிடும், மேடம் உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்றாள். என் போன் கச்சிபௌலியில் பதினான்காவது மாடியில் சார்ஜரில் கிடக்கிறது. அது என்னைப் பற்றி என்ன சொல்லும் என்று யோசித்தேன். அதனால் எழுதுகிறேன்.

நான் பிறந்தது செகந்திராபாத் ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பாவுக்கு ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் வேலை, பூர்வீகம் வேலூர் பக்கம். எங்கள் வீட்டுத் தமிழில் வேண்டாம் என்பதற்கு 'நக்கோ'வும் ஆமாம் என்பதற்கு 'ஹவ்'வும் தாராளமாகப் புழங்கும். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள், எங்களுக்கு அவர்கள் பேச்சைக் கேட்டால் சிரிப்பு வரும். புள்ளியியல் படித்துவிட்டு, பேகம்பேட்டில் சாலை, பஸ், ரயில் திட்டங்களுக்கு ஆய்வு செய்து தரும் ஓர் அலுவலகத்தில் தற்காலிக ஆளாகச் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் ஒரு நாற்சந்தியில் உட்கார்ந்து ஸ்கூட்டர் எண்ணினேன். நான்கு கோடு, குறுக்கே ஒரு கோடு, அது ஐந்து. பிறகு வீட்டுக் கணக்கெடுப்பு, பிறகு மேற்பார்வையாளர். இடையில் அம்மா படுத்த படுக்கையானாள், தம்பியின் படிப்பு இருந்தது, கல்யாணப் பேச்சு வந்து வந்து ஓய்ந்தது. நானும் அதைப் பெரிதாகத் தேடவில்லை. இந்த ஃப்ளாட் தம்பி மகனுடையது. அவன் கனடாவில் இருக்கிறான், நான் அவன் சுவர்களைப் பார்த்துக்கொள்கிறேன்.

எங்கள் தலைமை அதிகாரி பிரபாகர் சார். தெலுங்கும் ஆங்கிலமுமாகப் பேசுவார், இங்கே அதைத் தமிழில் தருகிறேன். நிரப்பிய படிவங்கள் மேஜைக்கு வந்தால் முதலில் ஃபேனை அணைப்பார், தாள் பறக்கக் கூடாது. மே மாதமானாலும் அணைப்பார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, நின்றுகொண்டே படிப்பார். நாங்கள் எதிரே நின்று வேர்வையில் நனைவோம். எண்களை அவர் கடைசியில்தான் பார்ப்பார். முதலில் பார்ப்பது வலது ஓரத்தில் இருக்கும் 'குறிப்பு' என்ற கட்டத்தை. அதை எங்களில் முக்கால்வாசிப் பேர் காலியாகவே விட்டிருப்போம். படித்து முடிந்ததும் ஏதாவது மூன்று படிவங்களை உருவி எடுத்து, அந்த வீடுகளுக்கு அவரே போய்க் கதவைத் தட்டுவார். தண்ணீர் கேட்டுக் குடிப்பார், இரண்டு கேள்வி கேட்பார், வந்துவிடுவார். எழுதியவர் வீட்டுக்கே போகாமல் டீக்கடையில் உட்கார்ந்து நிரப்பியிருந்தால் அன்றோடு அவர் சீட்டு கிழிந்தது. சார் யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதைதான் கூடும்.

பூட்டிய வீட்டுக்கு எங்களிடம் ஒரு விதி உண்டு. வெவ்வேறு மூன்று நாட்களில், வெவ்வேறு நேரத்தில் போக வேண்டும். மூன்றாவது முறையும் பூட்டு என்றால், படிவத்தில் 'பூட்டு' என்று எழுதிவிட்டு வலப்பக்கம் ஆள் இருக்கும் அடுத்த வீட்டை எடுத்துக்கொள்ளலாம். நியாயமான விதி. நானும் அதை வேதவாக்காகத்தான் வைத்திருந்தேன்.

பதினைந்து வருடம் இருக்கும். பட்டான்செரு பக்கம் நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் திட்டத்துக்கான ஆய்வு எங்களிடம் வந்தது. சாலைக்கு ஒரு பக்கம் மருந்துத் தொழிற்சாலைகள், மறுபக்கம் தொழிலாளர் காலனிகள். நடுவில் இருக்கும் தடுப்புச் சுவரை உயர்த்தி, இடைவெளியே இல்லாமல் கட்டப் போகிறார்கள். ஜனங்கள் கடக்க இரண்டு நடைபாலங்களுக்குத்தான் இடம், அவை எங்கே என்பதை எங்கள் கணக்குதான் சொல்ல வேண்டும். நான் மேற்பார்வை. என்னிடம் வேலை செய்தவர்களில் மூத்தவர் யாதகிரி, ஐம்பதைத் தாண்டியவர், வாய் பேசாமல் வேலை பார்ப்பார்.

ஒரு காலனியில் யாதகிரி கொண்டுவந்த படிவங்களில் பாதிக்கு மேல் பூட்டு. குறிப்புக் கட்டத்தில் ஒவ்வொன்றிலும் ஒரே வரி: உள்ளே ஃபேன் ஓடுகிறது. எனக்கு எரிச்சல் வந்தது.

"இதைக் கைக்கு எழுதினீங்க?" என்று கேட்டேன். 'கைக்கு' என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் 'ஏன்'.

"அந்தர் ஃபேன் சல்ரா மேடம்" என்றார். உள்ளே ஃபேன் ஓடுகிறது என்பதையே திரும்பவும் சொன்னார். அவர் பேச்சு அவ்வளவுதான்.

"அணைக்காம போயிருப்பாங்க. கரன்ட் பில்லா எழுதுறோம் நாம?" என்று சொல்லி, என் பேனாவால் அந்த வரிகளை அடித்தேன். பதினோரு படிவம், பதினோரு கோடு. விதிப்படி அடுத்த வீடுகளை எடுத்தோம். அங்கே ஆள் இருந்தது. மளிகைக் கடைக்காரர், வாடகை வாங்கும் வீட்டுக்காரர், பென்ஷன் வாங்கும் பெரியவர். அவர்களில் யாரும் சாலையைக் கடந்து போகிறவர்கள் இல்லை. அந்தக் காலனி வாசலில் பாலம் தேவையில்லை என்று கணக்கு வந்தது. இரண்டு கிலோமீட்டர் தள்ளி, புது மனைகள் விற்கும் பக்கம் வரைபடத்தில் குறித்தோம்.

அடுத்தது கருத்துக் கேட்புக் கூட்டம். அதற்கும் ஒரு முறை இருக்கிறது. இரண்டு பத்திரிகையில் அறிவிப்பு, வார்டு அலுவலகப் பலகையில் ஒரு தாள், சுவரில் வரைபடம், வாசலில் கையெழுத்துப் புத்தகம், தண்ணீர் பாட்டில், மைக். புதன்கிழமை காலை பதினொரு மணி. வேலைக்குப் போகிறவர் யார் அந்த நேரத்துக்கு வருவார்? மனைக்காரர்கள் வந்தார்கள், கடைக்காரர்கள் வந்தார்கள், தங்கள் வாசலில் தூசி பறப்பதைப் பற்றி ஆளுக்குப் பத்து நிமிடம் பேசினார்கள். முடிக்கப் போகும்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து மைக்கைக் கேட்டாள். முப்பது வயது இருக்கும். நெற்றியில் தொழிற்சாலைத் தொப்பியின் எலாஸ்டிக் அழுத்திய கோடு அப்படியே இருந்தது, கண் இரண்டும் சிவந்திருந்தது. ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்திருக்கிறாள். திக்கித் திக்கித் தெலுங்கில் ஆரம்பித்தாள். தர்மபுரித் தமிழ் அடியில் கேட்டது. "தமிழ்லயே சொல்லும்மா" என்றேன். அவள் முகம் மாறியது இன்னும் நினைவிருக்கிறது.

"எங்க லைன்ல பதினாறு வீடுங்க. ஒரு வீட்டுக்காச்சும் வந்தீங்களா?"

"மூணு நாள் வந்தோம்மா. பூட்டியிருந்துச்சு."

"பூட்டித்தாங்க இருந்துச்சு. உள்ள நான் இருந்தேன்."

தமிழ் தெரிந்த சிலர் சிரித்தார்கள், மற்றவர்கள் என்ன என்று கேட்டு அவர்களும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரருக்குப் பகல் ஷிப்ட், எனக்கு நைட்டுங்க. அவரு போறப்ப வெளிய பூட்டி, சாவிய ஜன்னல் வழியா உள்ள போட்டுட்டுப் போவாரு. இல்லீன்னா கேஸ்காரரு, பால்காரரு, பக்கத்து வீட்டுப் புள்ளைங்கன்னு ஆள் மாத்தி ஆள் தட்டுவாங்க. கண்ண மூட முடியாது. எந்திரிச்சதும் நானே ஜன்னல் வழியா கைய விட்டுத் தொறந்துக்குவேன். எங்க லைன்ல எல்லா வீட்லயும் அப்பிடித்தாங்க."

"நாங்க தட்டினது கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க. பூட்டப் பாத்துட்டுப் போயிருவாங்கன்னு படுத்துக்கிட்டேன். அதுக்குத்தானுங்களே பூட்டு."

என் காதில் யாதகிரியின் குரல் ஓடிக்கொண்டிருந்தது.

"இப்ப அந்தச் சொவத்துல ஒரு சந்து இருக்குதுங்க, நாங்களே ஒடச்சது. அதுல பூந்துதான் கம்பெனி கேட்டுக்குப் போறோம். நீங்க அதையும் அடைச்சிட்டா ரெண்டு கிலோமீட்டர் போயி ஏறி எறங்கி, திரும்ப ரெண்டு கிலோமீட்டர் வரணும். எட்டு மணி நேரம் நின்னுட்டு வர்ற காலுங்க இது. நடக்க மாட்டோம், சொவரு ஏறித்தான் குதிப்போம். லாரி பாத்துட்டு நிக்காது." மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். கையெழுத்துப் புத்தகத்தில் பார்த்தேன், பெயர் செல்வி.

மறுநாள் படிவங்களைத் தூக்கிக்கொண்டு பிரபாகர் சார் அறைக்குப் போனேன். அறிக்கை அச்சுக்குத் தயாராக இருந்தது, யாரும் என்னை ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். சொன்னேன். அவர் ஃபேனை அணைத்தார், கடிகாரத்தைக் கழற்றி வைத்தார், நின்றபடி குறிப்புக் கட்டத்தைப் படித்தார். என் கோட்டுக்கு அடியில் எழுத்து நன்றாகவே தெரிந்தது. "உள்ளே ஃபேன் ஓடுகிறது" என்று வாய்விட்டுப் படித்தார். அடுத்த தாள். "உள்ளே ஃபேன் ஓடுகிறது." பதினொன்றையும் அப்படியே படித்தார், ஒன்றைக்கூட விடவில்லை.

"இதை அடித்தது யார்?"

"நான்தான் சார்."

கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார். எப்போதும் 'ஏம்மா எஸ்தர்' என்று ஒருமையில் கூப்பிடுபவர், "எஸ்தர் காரு, நீங்கள் எத்தனை வருடமாக இந்த வேலையில் இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். அந்த 'காரு' என்ற மரியாதைச் சொல் செருப்பால் அடித்தது போல இருந்தது. "அறிக்கை போக ஆறு நாள் இருக்கிறது. தட்டாமல் எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார்.

தட்டாமல் எப்படி எழுதுவது? செல்வியின் லைன் முனையில் ஒரு டீக்கடை இருந்தது. மூன்று மணிக்கே போய் உட்கார்ந்தோம், நானும் யாதகிரியும். சொல்லாமல் கொள்ளாமல் பின்னாலேயே பிரபாகர் சாரும் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பதினாறு கதவு, பதினாறு பூட்டு, உள்ளே பதினாறு ஃபேன். நாலரை மணி வாக்கில் ஒரு ஜன்னல் கம்பிகளுக்கு நடுவிலிருந்து ஒரு கை வெளியே வந்து, பக்கத்துக் கதவின் பூட்டைத் தடவித் தேடித் திறந்தது. பிறகு இன்னொரு ஜன்னலில் ஒரு கை. வளையல் போட்ட கை, கயிறு கட்டிய கை, ரசாயனம் பட்டுத் தோல் உரிந்த கை. முகம் தெரியாமல் கைகளாக வந்துகொண்டே இருந்தன. என் உத்தியோகத்தில் பார்த்ததில் அது ஒன்றுதான் கனவில் வருகிறது. யாதகிரியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். மேற்பார்வையாளர் என்ற கௌரவம் குறுக்கே நின்றது, நான் கேட்கவில்லை. இப்போது அவர் எண் உபயோகத்தில் இல்லை என்கிறது.

பிரபாகர் சார் பதினாறு வீட்டிலும் தண்ணீர் குடித்தார். செல்வி வீட்டுப் படிவத்தை நான் எழுதினேன். ஒரே அறை, ஓரத்தில் அடுப்பு, ஜன்னலை ஒட்டிப் பாய்.

"நேத்து எத்தனை தடவை வெளிய போனே?"

"ரெண்டுங்க. போனது ஒண்ணு, வந்தது ஒண்ணு."

"வேற எங்கயும் இல்லையா?"

"வேற எங்கங்க போறது?"

எழுந்தபோது கேட்டாள். "அக்கா, இத எழுதிட்டா பாலம் வந்துருமா?"

எங்கள் தொழிலில் முதல் பாடமே, எதையும் வருமென்று சொல்லக் கூடாது என்பதுதான். "எழுதறது மட்டும்தாம்மா எங்க வேலை" என்றேன்.

"சரிங்க. வந்தா பாக்க வாங்க. டீ வெக்கிறேன்."

"வரேன்" என்றேன்.

இரண்டு பக்கம் இணைப்பு எழுதி, அந்தக் காலனி வாசலுக்குப் பாலத்தை மாற்றும்படி கேட்டோம். பிரபாகர் சார் தன் பெயரில் கடிதம் வைத்து அனுப்பினார், அடித்தது நான் என்று அதில் எழுதவில்லை. பிறகு கோப்பு வேறு துறைக்குப் போனது, திட்டம் நின்றது, மறுபடி கிளம்பியதாகச் சொன்னார்கள், எங்களுக்கு வேறு வேலை வந்துவிட்டது. ஓய்வு பெற்ற மறுவருடம் சார் காலமானார். நான் பட்டான்செரு பக்கம் போகவே இல்லை. நேரமில்லை என்று பல வருடம் சொல்லிக்கொண்டேன். ஓய்வு பெற்ற பிறகு அதையும் சொல்ல முடியவில்லை. உண்மை என்னவென்றால் பயம். பாலம் இல்லையென்றால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

அந்தச் செவ்வாய்க்கிழமை, பால் பொங்கியதும் அடுப்பை அணைத்துவிட்டு, புடவை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். லிங்கம்பள்ளியில் பஸ் மாறினேன். ஜன்னலோர இருக்கை கிடைத்தது. வழியெல்லாம் எதுவும் அடையாளம் தெரியவில்லை, எங்கே இறங்குவது என்றுகூடக் குழப்பம். காலனியைச் சொன்னதும் கண்டக்டர் தலையை உயர்த்தாமல், "நடைபாலம் ஸ்டாப்பா?" என்று கேட்டார்.

பாலம் இருந்தது. காலனி வாசலுக்கும் தொழிற்சாலை கேட்டுக்கும் நேராக, பச்சை பெயின்ட் உரிந்து, இரண்டு பக்கமும் டியூஷன் விளம்பரத்தோடு. தடுப்புச் சுவரில் சந்து இல்லை. இரண்டு மணி ஷிப்ட் விட்டதும் படியில் ஜனம் ஏற ஆரம்பித்தது, நான் பழக்கதோஷத்தில் நான்கு கோடு, குறுக்கே ஒரு கோடு என்று விரலில் எண்ண ஆரம்பித்து, நடுவில் விட்டுவிட்டேன். அழுகை வந்தது. யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும் போலிருந்தது. போனை எடுத்து, பெயர்களை மேலும் கீழுமாகத் தள்ளிப் பார்த்தேன். இதைச் சொன்னால் புரிந்துகொள்ளக்கூடியவர் இரண்டு பேர். ஒருவர் இல்லை, ஒருவர் எங்கே என்று தெரியாது. கனடாவில் அப்போது தூங்கும் நேரம். போனைப் பைக்குள் வைத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படிப்படியாக ஏறி, மறுபக்கம் இறங்கினேன். முட்டி வலித்தது.

மூன்றாவது ஆள் இருந்தாளே. லைனைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை, டீக்கடை இருந்த இடத்தில் மொபைல் கடை. இடப்பக்கம் ஆறாவது வீடு. அங்கே இன்னும் செல்விதான் இருக்கிறாளா, வேறு யாருக்காவது வாடகைக்குப் போய்விட்டதா, தெரியாது. கதவில் பூட்டு. ஜன்னலில் பூப்போட்ட துணி. கேட்டுப் பார்க்கலாம் என்றால் அக்கம்பக்கத்திலும் பூட்டு. கதவருகே போய் நின்றேன். உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

கையைத் தூக்கினேன். தட்டினால் எழுந்துகொள்வாள், யாராக இருந்தாலும். கையை இறக்கிக்கொண்டு, தட்டாமல் திரும்பி நடந்தேன்.

மறுநாள் குளித்துவிட்டு, பாலைக் காய்ச்சி இரண்டு டம்ளரை எடுத்து வைத்தேன். டேப்லெட்டுடன் வந்த அந்தப் பெண் வரவில்லை. முடிந்த வீட்டுக்குத் திரும்பப் போகக் கூடாது என்பது விதி. அதை எழுதியவர்களில் நானும் ஒருத்தி, எனக்குத் தெரியாதா? ஆனாலும் மாலை வரை கதவைத் திறந்தே வைத்திருந்தேன். கேட்டால் சொல்வதற்கு எனக்குப் பதில் இருந்தது. நேற்று இரண்டு பயணம். போனது ஒன்று, வந்தது ஒன்று.